மோஷன் டெஸ்ட்டில் எதைத் தேடுகிறோம்?

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் கொட்டினால் எங்கள் லேபுக்கு ஒரு பாட்டில் வந்துவிடும். போன தடவை வந்தது ஜாம் பாட்டில். வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா, ஆறு வயதுப் பையனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த பாட்டிலைப் புடவைத் தலைப்பால் மூடி எடுத்து வந்திருந்தார். "பையன் வயித்துலேருந்து வந்துச்சு சார், பாத்ரூம்ல கெடந்துச்சு" என்றார். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் அரைச் சாண் நீளத்துக்கு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது.

"வந்ததைப் பார்த்தீங்களா, கெடந்ததைப் பார்த்தீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "கெடந்ததைத்தான் சார்."

அது மண்புழு. மண் ஊறிப்போனால் மண்புழுக்கள் மேலே கிளம்பும். தரைத்தளத்து வீடுகளில் குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக உள்ளே வந்துவிடும். அடையாளம் காண மைக்ராஸ்கோப் வேண்டாம். மண்புழுவின் உடம்பு முழுக்க வளையம் வளையமாக இருக்கும், தலைப் பக்கம் பட்டை கட்டினாற்போல ஒரு தடிப்பும் இருக்கும். குடலில் வாழும் உருண்டைப்புழுவுக்கு வளையமும் இல்லை, பட்டையும் இல்லை. வழவழவென்று, இரண்டு முனையும் கூர்ந்து, வெளுத்த மஞ்சளாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ தெரியும். பெண் புழு 20 முதல் 35 செ.மீ. வரை வளரும். ஆண் அதைவிடச் சிறியது, வால் கொக்கிபோல வளைந்திருக்கும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் மண்ணில் நெளிவதையும் நாக்குப்பூச்சி என்கிறோம், வயிற்றில் இருப்பதையும் நாக்குப்பூச்சி என்கிறோம். விஞ்ஞானிகளும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். இந்தக் குடற்புழுவுக்கு 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர் அஸ்காரிஸ் லும்பிரிகாய்டிஸ். லும்பிரிகாய்டிஸ் என்றால் மண்புழுவைப் போன்றது என்று பொருள்.

சரி, பாட்டிலில் வந்தது மண்புழு என்றால் பையன் வயிற்றில் எதுவும் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. அதற்குத்தான் மலப் பரிசோதனை, நம் வாய்மொழியில் மோஷன் டெஸ்ட். அதில் என்ன நடக்கிறது, அது எப்போது ஏமாற்றும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். மோஷன் டெஸ்ட்டில் நாங்கள் புழுவைத் தேடுவதில்லை. புழு சிறுகுடலில் இருக்கும், ஒன்று இரண்டு வருடம்கூட உயிரோடு இருக்கும். தானாக வெளியே வருவது எப்போதாவதுதான். ஆனால் பெண் புழு தினமும் முட்டை போடும், அது மலத்தோடு வெளியேறும். வீட்டுக்காரர் கதவையே திறப்பதில்லை, ஆனால் தினம் காலையில் குப்பைக்கூடை மட்டும் வாசலுக்கு வந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையைக் கிளறித்தான் உள்ளே ஆள் இருப்பதைச் சொல்கிறோம். நாங்கள் தேடுவது அந்த முட்டையைத்தான்.

ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 2,00,000 முட்டை வரை போடும். ஒருவர் நாளைக்கு 200 கிராம் மலம் கழிக்கிறார் என்று வைத்தால், கிராமுக்கு 1,000 முட்டை. சாதாரண ஸ்லைடில் நாங்கள் பார்ப்பது சுமார் 2 மி.கி. மலம்தான், குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. அதிலும் இரண்டு முட்டை இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. நிஜத்தில் எல்லா இடத்திலும் ஒரே சீராகக் கலந்திருக்காது, எல்லாப் புழுவும் உச்ச அளவில் போடாது. ஆனாலும் வயிற்றில் ஒரே ஒரு பெண் புழு இருந்தால்கூட ஒரு துளியில் அகப்பட வாய்ப்பு இருக்கிறது என்பதே எனக்கு இன்றும் வியப்பு. குடலில் வாழும் மற்ற புழுக்களான கொக்கிப்புழுவும் சாட்டைப்புழுவும் போடும் முட்டை ஆயிரக்கணக்கில்தான், அவை தப்பிவிடும். உருண்டைப்புழு அவ்வளவு எளிதில் தப்பாது.

வீட்டில் நடக்கும் நோய்க்கணிப்பு வேறு மாதிரி. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறான், பூச்சி. கன்னத்தில் வெள்ளைத் திட்டு, பூச்சி. எவ்வளவு தின்றாலும் உடம்பு தேறவில்லை, பூச்சி. இதில் எதுவும் புழுவுக்கு ஆதாரம் இல்லை. குழந்தைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டு பெரும்பாலும் தோல் வறட்சி சம்பந்தப்பட்டது. பல் கடிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அதே சமயம் உருண்டைப்புழு இருக்கும் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. அறிகுறியை வைத்து உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பாட்டிமார்கள் என்மேல் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

இனி சாம்பிள். இதில்தான் பாதி டெஸ்ட் கெட்டுப்போகிறது. ஒரு காலத்தில் தீப்பெட்டியில் கொண்டுவருவார்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், லேபுக்கு வரும்போது காய்ந்த பொட்டுதான் மிஞ்சும். இப்போது அகன்ற வாய் பிளாஸ்டிக் டப்பாவை மூடியில் சின்னக் கரண்டியோடு லேபிலேயே கொடுத்துவிடுகிறோம். இருமல் டானிக் பாட்டில் வேண்டாம். நெல்லிக்காய் அளவு போதும், டப்பா நிறைய வேண்டாம் (நிறைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு, திறக்கும்போது நாங்கள் படும் பாட்டை எழுதவில்லை). இந்தியன் டாய்லெட்டில் தண்ணீர் படாமல் எடுப்பது சிரமம்தான். பழைய செய்தித்தாளையோ பிளாஸ்டிக் தாளையோ விரித்து அதிலிருந்து எடுங்கள். சிறுநீரும் தண்ணீரும் கலக்கக் கூடாது, தரையிலிருந்து வழித்தும் எடுக்கக் கூடாது. மண்ணில் தானாக வாழும் நுண்புழுக்கள் ஏராளம், அவை சாம்பிளில் ஏறிவிட்டால் நோயே இல்லாத குழந்தைக்கு நோய் வந்துவிடும். கைக்குழந்தைக்கு டயப்பரிலிருந்து சுரண்டினால் ஈரமெல்லாம் டயப்பருக்குள் போயிருக்கும். டயப்பருக்குள் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துவிட்டால் வேலை சுலபம்.

சாம்பிள் எடுத்து மூன்று நான்கு மணி நேரம் ஆகிவிட்டதே என்று ஓடி வருகிறவர்கள் உண்டு. அமீபாவைத் தேடுவதானால் அந்த ஓட்டம் நியாயம். உருண்டைப்புழு முட்டை அதற்கெல்லாம் அசையாது. ஈர மண்ணில் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் பண்டம் அது.

லேபில் நடப்பது இதுதான். கண்ணாடித் துண்டில் ஒரு பக்கம் ஒரு சொட்டு உப்புக்கரைசல், இன்னொரு பக்கம் ஒரு சொட்டு அயோடின். குச்சி நுனியில் துளி மலம் எடுத்து இரண்டிலும் கலக்கி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடுவோம். எவ்வளவு தடிமன் இருக்கலாம் என்பதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்த அளவுகோல்: ஸ்லைடைச் செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். படிக்க முடியவில்லை என்றால் தடிமன் அதிகம், முட்டை மறைந்துவிடும். பிறகு மைக்ராஸ்கோப்பின் சிறிய லென்ஸில் ஒரு மூலையில் தொடங்கி, ஏர் ஓட்டுகிற மாதிரி ஒரு சால் போய், திரும்பி, அடுத்த சால். சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டால் பெரிய லென்ஸைத் திருப்புவோம்.

உருண்டைப்புழு முட்டையை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பித்தநீரில் ஊறி வருவதால் பொன்பழுப்பு நிறம். வெளி ஓடு முழுக்கக் குமிழ் குமிழாக, சீத்தாப்பழத்தைச் சுருக்கி வைத்தாற்போல. நீளம் 45 முதல் 75 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். உள்ளே ஒற்றை உருண்டை, அதற்கு இரு முனையிலும் பிறை வடிவத்தில் காலியிடம். இது கருவுற்ற முட்டை. கருவுறாததும் உண்டு: நீண்டு, சில சமயம் 90 மைக்ரான் வரை போய், மேல் ஓடு ஒழுங்கில்லாமல், உள்ளே மணலைக் கொட்டியது போல மினுமினுக்கும். குமிழ் ஓடு உரிந்துபோய் மொழுமொழுவென்று நிற்கும் முட்டையும் வரும். அதுதான் புதியவர்களைக் குழப்பும்.

என்னையும் குழப்பியது, ஆனால் வேறு வழியில். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், உருண்டையாக மஞ்சளாக முள் முள்ளாக ஒன்றைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டில் ஓவா, அதாவது முட்டை, உண்டு என்று எழுதிவிட்டேன். சீனியர் அக்கா கையெழுத்துப் போடும் முன் ஸ்லைடைக் கேட்டார். பார்த்தார். "தம்பி, இது உள்ளே என்ன இருக்குன்னு சொல்லு" என்றார். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. "வெளியே இருக்கற அலங்காரத்தைப் பார்க்காதே. அளவைப் பாரு, உள்ளே இருக்கறதைப் பாரு." அது மகரந்தத்தூள், சாப்பாட்டோடு போனது. காய்கறிச் செல், எண்ணெய்த் துளி, காற்றுக்குமிழி எல்லாம் முட்டை வேடம் போடும். கண்ணால் பார்க்கும் அளவிலும் இந்த வேடம் உண்டு. வாழைப்பழம் தின்ற குழந்தையின் மலத்தில் கறுப்பு நூல் நூலாக வரும், தக்காளித் தோல் சுருண்டு வரும், முருங்கைக்காய் நார் வரும். எல்லாமே பாட்டிலில் எங்களிடம் வந்திருக்கின்றன.

இப்போது ரிப்போர்ட் கையில். "ஓவா: நில், சிஸ்ட்: நில்." நில் என்றால் இல்லை, சிஸ்ட் என்பது அமீபா போன்றவை தம்மைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு. நிம்மதிதான். ஆனால் அந்த 'நில்' சொல்வது ஒன்றே ஒன்று: நாங்கள் பார்த்த துளியில் முட்டை இல்லை. புழு இருந்தும் முட்டை இல்லாமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது காலம்.

உருண்டைப்புழு முட்டையை விழுங்கியவுடன் குடலில் பொரியும் இளம்புழு அங்கேயே தங்குவதில்லை. குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய் 10 முதல் 14 நாள் அங்கே வளரும். பிறகு மூச்சுக்குழாயில் மேலேறித் தொண்டைக்கு வரும். நாம் எச்சில் விழுங்கும்போது திரும்பவும் குடலுக்கு இறங்கும். அங்கே பெரிதாகி முட்டை போடத் தொடங்க, விழுங்கிய நாளிலிருந்து இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை எத்தனை முறை மோஷன் டெஸ்ட் எடுத்தாலும் நில்தான் வரும்.

ஏன் இப்படி ஊர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் சுற்றுவது உண்மை. 1922இல் கொய்னோ என்ற ஜப்பானிய மருத்துவர் 2,000 முட்டைகளைத் தானே விழுங்கி, பிறகு நிமோனியாபோலக் காய்ச்சலும் இருமலும் வந்து, தன் சளியிலேயே இளம்புழுக்களைக் கண்டார். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

இந்த நுரையீரல் காலத்தில் வறட்டு இருமல், இழுப்பு வரலாம். ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் ஏறும். சென்னையில் இது ஒரு தனிக் குழப்பம். இங்கே பலர் வீசிங்குக்கே "ஈஸ்னோபீலியா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது நோயின் பெயர் என்றே நினைக்கிறார்கள். அது ஒரு ரத்த அணு கூடியிருக்கிறது என்ற செய்தி, அவ்வளவுதான். ஆஸ்துமாவிலும் கூடும், ஒவ்வாமையிலும் கூடும், யானைக்கால் புழுவாலும் கூடும், குடற்புழு இளசாகச் சுற்றும்போதும் கூடும். அதை மட்டும் வைத்து உருண்டைப்புழு என்று முடிவு கட்ட முடியாது. வேடிக்கை என்னவென்றால், புழு குடலில் வந்து செட்டில் ஆனபிறகு அந்த எண்ணிக்கை பெரும்பாலும் இறங்கிவிடும். ரத்தம் பேசும்போது மலம் பேசாது, மலம் பேசும்போது ரத்தம் அடங்கிவிடும்.

வயிற்றில் ஆண் புழு மட்டும் இருந்தாலும் முட்டை வராது. பெண் மட்டும் இருந்தால் கருவுறாத முட்டை வரும். ஆனால் அது கனமானது. சில லேபுகளில் உப்பு நிறைகரைசலில் மலத்தைக் கலக்கி, மேலே மிதக்கும் முட்டைகளை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். கருவுற்றது மிதக்கும், கருவுறாதது அடியில் தங்கிவிடும். அதனால் ஃபார்மலினும் ஈதரும் சேர்த்துச் சுழற்றி அடிவண்டலைப் பார்க்கும் முறை எனக்கு நம்பிக்கையானது, நேரம் கொஞ்சம் பிடித்தாலும். சந்தேகம் தீரவில்லை என்றால் வெவ்வேறு நாளில் மூன்று சாம்பிள் கேட்பார்கள். காசு பிடுங்கவோ என்று தோன்றும், இல்லை. ஒரு துளியில் விட்டது இன்னொன்றில் அகப்படும்.

இன்னொரு முறையையும் சொல்லிவிடுகிறேன். கேட்டோ-காட்ஸ் என்று பெயர், ஜப்பானில் தொடங்கி பிரேசிலில் செம்மையான முறை. சின்னத் துளையுள்ள ஓர் அட்டையில் மலத்தை நிரப்பினால் சரியாக 41.7 மி.கி. நிற்கும். அதை கிளிசரினில் ஊறிய செலஃபோன் தாளால் மூடி அழுத்திவிட்டு முட்டைகளை எண்ணுவார்கள். வந்த எண்ணை 24ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை என்று கிடைக்கும். 30 முட்டை என்றால் 720. உருண்டைப்புழுவுக்கு 5,000க்குக் கீழே லேசான தொற்று, 50,000க்கு மேல் கடுமையானது என்று உலக சுகாதார நிறுவனம் பிரித்திருக்கிறது. தனி நோயாளிக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது, ஊர் கணக்கெடுக்கத்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய பெரிய குடற்புழு ஆய்வில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். அங்கே அதிகம் கிடைத்தது கொக்கிப்புழு. அதன் முட்டை கிளிசரினில் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்ததுபோல மறைந்துவிடும், அதனால் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எண்ண முடியாது.

ராத்திரி ஆசனவாயில் அரிப்பு என்று வரும் குழந்தைகளுக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அது பெரும்பாலும் கீரிப்பூச்சி, அரை விரல்கூட இல்லாத வெள்ளை நூல். அது முட்டையைக் குடலில் போடாமல், ராத்திரி வெளியே வந்து ஆசனவாய்த் தோலில் ஒட்டிவிட்டுப் போகும். மோஷன் டெஸ்ட்டில் பெரும்பாலும் நில். காலையில் குளிப்பதற்கும் கழுவுவதற்கும் முன்னால் அந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து ஸ்லைடில் ஒட்டிப் பார்ப்பதுதான் வழி. டாக்டரிடம் அரிப்பைச் சொல்லாமல் "பூச்சி இருக்கு, டெஸ்ட் எழுதுங்க" என்று மட்டும் சொன்னால் தவறான டெஸ்ட்டுக்குக் காசு கட்டுவீர்கள்.

நிஜமாகவே புழு வெளியே வந்தால், மலத்திலோ, வாந்தியிலோ, அபூர்வமாக மூக்கிலோ, தூக்கிப் போடாதீர்கள். கடும் காய்ச்சலில் இப்படிக் கிளம்பி வருவது உண்டு. கழுவி ஒரு டப்பாவில் எடுத்து வாருங்கள், முடியாவிட்டால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மொபைலில் படம் எடுங்கள். அதைவிட நேரடியான ஆதாரம் இல்லை.

வயிறு உப்பி, விடாமல் வாந்தி, மலமும் காற்றும் போகவில்லை என்றால் லேபுக்கு வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிறையப் புழுக்கள் முடிச்சாகச் சுருண்டு குடலை அடைப்பதும், ஒன்று பித்தக்குழாய்க்குள் நுழைவதும் உண்டு. அங்கே ஸ்கேன்தான் பேசும். அல்ட்ராசவுண்டில் ரயில் தண்டவாளம்போல இரண்டு இணைகோடாகத் தெரியும், சில சமயம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெளியும்.

பள்ளிக்கூடத்தில் டெஸ்ட்டே எடுக்காமல் எல்லாருக்கும் மாத்திரை கொடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள், 400 மி.கி., இரண்டு வயதுக்குள் என்றால் பாதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஸ்லைடு பார்க்கும் செலவு மாத்திரையைவிடப் பல மடங்கு. மாத்திரையும் பாதுகாப்பானது. அதனால் ஊருக்கு மொத்தமாகக் கொடுக்கும்போது டெஸ்ட்டை விட்டுவிடுவது சரியான கணக்குதான். ஆனால் மாதக்கணக்கில் வயிற்றுவலி இருக்கும் ஒரு குழந்தைக்கு "எதற்கும் ஒரு பூச்சி மாத்திரை" என்று மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே காரணம் தெரிய வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. இன்னொன்று, கடையில் "பூச்சி மருந்து" என்று கேட்காதீர்கள், "பூச்சி மாத்திரை" என்று கேளுங்கள். நம் ஊரில் முதலாவதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது.

ஜாம் பாட்டில் அம்மாவின் பையனுக்கு மறுநாள் சாம்பிள் வந்தது. மண்புழு பொய், ஆனால் ஸ்லைடில் சீத்தாப்பழம் இரண்டு இருந்தன, இரண்டும் கருவுற்றவை. அப்படியென்றால் வயிற்றில் குறைந்தது ஒரு ஜோடி. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே அந்த அம்மா மறுபடி டப்பாவோடு வந்து நின்றார், போய்விட்டதா என்று பார்க்க வேண்டுமாம். மருந்து கேட்டதா என்று ஆய்வுகளில் பார்ப்பதே இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான். அன்றைக்கு நுரையீரலில் சுற்றிக்கொண்டிருந்த இளசுகள் இருந்தால் மாத்திரைக்கு அவை அகப்பட்டிருக்காது, குடலுக்கு வந்து முட்டை போட இன்னும் நாளாகும். "இப்ப பார்த்தா சரியாத் தெரியாதும்மா, ரெண்டு மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றேன். நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் மாசி என்று எழுதிக் கொடுத்தேன். டப்பாவை வாங்கி மறுபடி தலைப்புக்குள் வைத்துக்கொண்டு போனார்.